ஒன்பதாம் அறைக் கதவில் நீல அல்லி

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை
பிற்பகல் 1.20
இதுவரை பூ மாட்டிய கதவுகள்: 214

அண்ணனுக்கு,

நலம் விசாரித்து எழுதும் பழக்கம் நமக்குள் விட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது. அதைப் புதிதாகத் தொடங்க இப்போது நேரமில்லை. உறைக்குள் ஒரு படிவம் இருக்கிறது. அதன் மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் உன் கையெழுத்து நாளை காலை பத்து மணிக்குள் வேண்டும். அப்பா சாகப்போகிறார். அவரைப் பார்க்க ஆறு மணி நேரம் காவலோடு உன்னை வெளியே அனுப்பச் சொல்லும் விண்ணப்பம் அது. வேறு யாரும் உனக்காகப் போட முடியாது. போட முடியுமென்றால் நேற்றே நான் போட்டிருப்பேன்.

கைதிகளின் தபாலைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஐயா, இந்தக் கடிதத்தில் பூவைப் பற்றி நிறைய வரும். அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் நானே எழுதிவிடுகிறேன். கறுப்பு மை அடிக்க வேலை வைக்கமாட்டேன்.

அண்ணா, நான் இந்த ஆஸ்பத்திரியில் கருவிப் பிரிவில் வேலை செய்கிறேன். மானிட்டர், ஆக்ஸிஜன் குழாய், லிஃப்ட், கதவில் மாட்டும் பலகை என்று எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் சாப்பாட்டு டிராலி தள்ளுபவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஓர் அறைக்குள் நுழைந்து, "இன்னைக்கு என்ன முகம் இப்படி வாடிப்போச்சு?" என்று கேட்டுவிட்டார். கட்டிலில் இருந்தவர் செத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவருடைய மகள் டிராலிக்காரரை அறைந்தாள். டிராலிக்காரர் அழுதார். மறுநாளே ஹெட் நர்ஸ் ஒரு யோசனை சொன்னார். கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளியின் கதவில் ஓர் அடையாளம் மாட்ட வேண்டும். ஊழியர்களுக்கு மட்டும் அது புரிய வேண்டும். குடும்பத்துக்குப் புரியக் கூடாது, பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். பூப்படம் என்று முடிவானது.

எந்தப் பூ என்று தீர்மானிக்க ஏழு பேர் கமிட்டி. வேகமாக டைப் அடிப்பேன் என்பதால் நான் செயலாளர். மூன்று கூட்டம் நடந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு வீணான ஆறு மணி நேரம் வேறு கிடையாது.

ஹெட் நர்ஸ் முதலில் வெள்ளை லில்லி என்றார். பிரார்த்தனைக்கு வரும் பாதிரியார் மகிழ்ந்துபோனார். தேவதூதன் கன்னிக்கு நற்செய்தி கொண்டுவந்தபோது கையில் பிடித்திருந்த பூ என்றார். எங்கள் ஊரில் அதைச் சவப்பெட்டி மேல்தான் வைப்போம் என்றார் சமையற்கூடத்து மேற்பார்வையாளர். லில்லி போயிற்று. சாமந்தி என்றேன் நான், சீக்கிரம் முடியட்டுமே என்று. மருந்தகத்துப் பெரியவர் நாலு நாடு சுற்றியவர். ஜப்பானில் அது அரச முத்திரை, சீனாவில் ஆயுள் நீள வேண்டுமென்று மதுவில் போட்டுக் குடிப்பார்கள், பிரான்சில் அதைத் தூக்கிக்கொண்டு விருந்துக்குப் போனால் வீட்டுக்காரி கதவைச் சாத்திவிடுவாள், அங்கே அது கல்லறைக்குப் போகிற பூ என்றார். ஒரே பூ ஒருவனுக்கு ஆயுள், இன்னொருவனுக்குக் கருமாதி. அதுவும் போயிற்று.

தாமரை வந்தது. ஒரு மதத்தில் தேவி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள், படைத்தவனும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறான். இன்னொரு மதத்தில் ஞானம் பெற்றவர் அதே பூவில். நிர்வாக அதிகாரி சலித்துக்கொண்டார். இத்தனை பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற பூவில் நம்ம நோயாளி எங்கே உட்காருவது என்று கேட்டார். கசகசாப் பூவைச் சொன்னார்கள். பழைய கிரேக்கர்களுக்கு அது உறக்கக் கடவுளின் பூ, பிறகு போரில் செத்த சிப்பாய்களின் பூ. நர்கீஸ் பூ என்றார்கள். அதைப் பறிக்கப்போன பெண்ணைப் பூமியைப் பிளந்துகொண்டு வந்து பாதாளத்தின் அரசன் இழுத்துக்கொண்டுபோனான் என்று ஒரு கதை. ரோஜா என்றார்கள். தொழுகை அறையைக் கவனிக்கும் பெரியவர் எங்களுக்கு அது சொர்க்கத்தின் வாசனை என்றார். பழைய ரோமாபுரியில் ரோஜாவை மேலே தொங்கவிட்டால் கீழே பேசியது வெளியே போகக்கூடாது என்று வழக்காம். எங்கள் கமிட்டிக்கு அதுதான் பொருத்தம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நூலகத்தில் உட்காரும் அம்மா நீல அல்லியைச் சொன்னார். எகிப்தியர்கள் சூரியனே அதிலிருந்துதான் பிறந்தான் என்று நம்பினார்களாம். பொழுது சாய்ந்தால் மூடி நீருக்குள் போகும், விடிந்தால் எழும் என்று சொல்லி, செத்தவர்களின் மார்பில் மாலையாக வைத்தார்களாம். அந்த ஏழு பேரில் யாருக்கும் அது சாவுப் பூ இல்லை, சாமிப் பூவும் இல்லை. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மூடித் திறக்கும், எவ்வளவு நம்பிக்கையான பூ என்று ஹெட் நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய்த் தாவர நூலைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பூ மூன்று நான்கு நாள் மூடி மூடித் திறக்கும். பிறகு தண்டு சுருண்டு தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். மறுபடி மேலே வராது. கமிட்டியில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நான்காவது கூட்டம் போடுவார்கள்.

நான் அந்தக் கமிட்டியில் செய்த ஒரே வேலை இதுதான், கவனமாகப் படி. படத்துக்கு என்ன பொருள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்டார்கள். எழுதினால் நாளைக்கு எவனாவது ஒருவன் அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான் என்றேன். என் கையால் இந்த வாக்கியத்தை எழுதினேன்: "இப்படத்துக்குத் தனிப் பொருள் ஏதும் இல்லை, அலங்காரத்துக்கு மட்டும்." எல்லாரும் என் மூளையைப் பாராட்டினார்கள்.

படங்களை அச்சடித்து லேமினேட் செய்வது நான்தான். ஹெட் நர்ஸ் எத்தனை படம் வேண்டும் என்று மட்டும் சொல்வார், யாருக்கு என்று சொல்லமாட்டார். மாட்டிய நேரமும் கழற்றிய நேரமும் என் பதிவேட்டில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சராசரி மூன்று நாள் எட்டு மணி நேரம். மூன்று பேர் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள், அதிலும் ஒருவருக்கு அறை மாறி மாட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொரு படம் கேட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டால் மெஷினைச் சூடாக்கவே இருபது நிமிடம் போகிறது, மொத்தமாகக் கேளுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். பதினொரு மணிக்கு அப்பாவைப் பார்க்கப் போனேன். அது ஒன்பதாம் அறைக் கதவில் இருந்தது. ஒரு மூலையில் காற்றுக்குமிழி. அவசரத்தில் நான் சரியாக ஒட்டாதது.

கணக்குப் போட்டுப் பார். சராசரிப்படி நாளை மாலை ஏழு மணி.

அப்பாவின் நுரையீரல் கல்லாகிவிட்டது. முப்பது வருடம் கல் அறுக்கும் பட்டறையில் தூசி தின்றவருக்கு வேறென்ன ஆகும். போன மாதம் நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஆக்ஸிஜன் போதுமாக இருந்தது. இன்றைக்குப் பதினைந்து. அந்த மீட்டரில் அதற்கு மேல் கோடு கிடையாது. தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் இணைக்கலாம், ஆனால் அப்புறம் எடுக்க முடியாது, எதற்கு அந்தச் சித்திரவதை என்று பெரிய டாக்டர் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அம்மா இரண்டு தடவையும் எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு அந்தப் பூ ரொம்பப் பிடித்துப்போயிற்று. பூ வந்ததிலிருந்து டிராலிக்காரர் சத்தமில்லாமல் தட்டை வைக்கிறார். தரை துடைக்கும் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தாலும் அம்மாவை யாரும் எழுப்புவதில்லை. இரண்டாவது நாற்காலி ஒன்று தானாக வந்தது. மகன் இங்கே வேலை பார்ப்பதால் நமக்கு மட்டும் தனி மரியாதை என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். எதிர் அறையில் ஒரு கிழவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். அவர் மனைவி பொறாமைப்பட்டு, எங்கள் கதவுக்கும் ஒன்று கிடைக்குமா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். அம்மா என்னிடம் சிபாரிசுக்கு வந்தார். "பாவம்டா, அவங்களுக்கும் ஒண்ணு மாட்டச் சொல்லேன். உன் பேச்சைக் கேப்பாங்கல்ல?" என்றார். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் ஆக்ஸிஜன் அழுத்தத்தைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

திங்கள் காலை உன் சிறைக்கு வந்தேன். உன்னைப் பார்க்க அல்ல, பயப்படாதே. நலத்துறை அதிகாரியைப் பார்க்க. இரண்டு தாள் வேண்டும் என்றார். ஒன்று, கைதி தன் விருப்பத்தோடு போடும் கையெழுத்து. இரண்டு, நோயாளி தேறமாட்டார் என்று ஆஸ்பத்திரி தரும் தாள். பூப்படத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். இது எங்கள் ஆஸ்பத்திரியில் சாகிறவர்களின் கதவில் மாட்டுவது என்று காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாருக்கே தம்பி. எங்க வீட்டு ஹால்லகூட இதே மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கேன். அப்ப நாங்க எல்லாரும் போயிடுவோமா?" என்று கேட்டார். பின்னால் நின்ற காவலர் சிரித்தார்.

மதியம் பெரிய டாக்டர். கவலைக்கிடம் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றேன். முன்பு ஒருமுறை இரக்கப்பட்டு எழுதிக்கொடுத்தாராம். வந்த கைதி கழிப்பறை ஜன்னல் வழியாக ஓடிவிட்டான். இரண்டு வருடம் இவரை விசாரணைக்கு இழுத்தடித்தார்கள். "ரத்த அழுத்தம் சீரா இருக்கு, அதை வேணும்னா எழுதித் தர்றேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சூடுபட்டவர். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

மாலையில் நிர்வாக அதிகாரி. தீர்மானப் புத்தகத்தில் பூவின் பொருளை ஒரு வரி சேர்த்து முத்திரை வைத்துத் தாருங்கள், அதுவே ஆதாரம் என்றேன். அவர் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி, நிதானமாக வாசித்தார். இப்படத்துக்குத் தனிப் பொருள் ஏதும் இல்லை, அலங்காரத்துக்கு மட்டும். "இது உங்க கையெழுத்துதானே தம்பி? நல்லா எழுதியிருக்கீங்க. இதை மாத்தினா, முன்னாடி பூ மாட்டின அத்தனை வீட்டுக்காரங்களும் நாளைக்கு வாசல்ல நிப்பாங்க, எங்ககிட்ட ஏன் சொல்லலைன்னு." கோபமே இல்லாமல் சொன்னார். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

மிச்சம் ஒரே ஒரு தாள்தான். தொண்டைக் குழாய் வேண்டாம், நெஞ்சை அழுத்தி மறுபடி எழுப்ப வேண்டாம் என்று குடும்பம் எழுதிக்கொடுக்கும் படிவம். அதன் கீழே "நோய் குணப்படுத்த இயலாத கட்டத்தை அடைந்துள்ளது" என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும். டாக்டர் தன் கைப்பட ஒன்றும் எழுத வேண்டாம், ஒப்பமிட்டால் போதும். அதற்கு அவர் தயார். நலத்துறை அதிகாரியிடம் போனில் கேட்டேன், அந்தத் தாள் செல்லும் என்றார். ஆனால் மனைவி உயிரோடு இருக்கும்போது மகன் அதில் கையெழுத்துப் போட முடியாது.

புரிகிறதா அண்ணா? உன்னை அழைத்துவர, அம்மா அப்பாவைக் கைவிட வேண்டும்.

இன்று காலை ஒன்பதேகாலுக்குத் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது, உனக்கே தெரியும். குழாய் போட்டும் பயனில்லை என்றேன். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். அப்புறம் அவரே பூவை இழுத்துவந்தார். "மோசமா இருந்தா இவ்ளோ நல்லா பாத்துப்பாங்களாடா? அந்தப் பூவை மாட்டின அப்புறம் எல்லாரும் எவ்ளோ மரியாதையா பேசுறாங்க."

"அம்மா, அது சாகப்போறவங்க கதவுல மாட்டுற பூ" என்றேன்.

அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது நிரம்பி வழிந்து அவர் புடவையெல்லாம் நனைந்தது. நான்தான் விசையை அணைத்தேன். முந்தானையைப் பிழிந்துகொண்டே, யார் இப்படி ஒரு ஏற்பாடு செய்தது என்று கேட்டார். நான் இருந்த கமிட்டிதான் என்றேன். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எதிர் அறையைப் பார்த்தார். அங்கே கிழவரின் மனைவி அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அம்மாவும் கையசைத்தார்.

பிறகு கேட்டார். "நான் எழுதிக்குடுத்தா பெரியவன் வருவானா?"

"வருவான்" என்றேன்.

உன்னைக் கேட்காமல் உன் சார்பில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லை நம்பி அம்மா கையெழுத்துப் போட்டார். மணி 9.40. இரண்டு பிரதி. போய்க் கதவிலிருந்த படத்தைக் கழற்றித் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் டிராலி பழையபடி தடதடவென்று உள்ளே போனது. அப்பா திடுக்கிட்டு விழித்தார், மூச்சு முட்டி உதடு நீலம் பாய்ந்தது. நான் இறங்கிப் போய் இன்னொரு படம் அடித்து நானே மாட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் படத்தில் குமிழி இல்லை.

அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று எழுதினால் நீ உருகிக் கையெழுத்துப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் போய்க் கேட்டேன், அண்ணனை வரச் சொல்லட்டுமா என்று. முகமூடியை விலக்கிவிட்டு இதைத்தான் சொன்னார்: "வரட்டும். ஆனா மன்னிப்புக் கேப்பேன்னு சொல்லிக் கூட்டிட்டு வராத. திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்." அந்த மூன்று வாக்கியத்துக்கு ஏழு நிமிடம் மூச்சு வாங்கினார்.

அதனால் நடந்ததை நானும் மாற்றி எழுதப்போவதில்லை. நீ குடித்துவிட்டு டேங்கரை ஓட்டினாய். சைக்கிளில் போனவர் செத்துப்போனார். நீ குடித்திருந்தாயா என்று கோர்ட்டில் அப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள், ஆமாம் என்றார். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி தெரியாது என்று சொல்லியிருந்தால் உனக்கு இரண்டு வருடத்தில் முடிந்திருக்கும். ஏழு வருடம் ஆனது அவர் வாயால்தான். அதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க அவர் நாலு தடவை வந்தார். நாலு தடவையும் நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. நேரம் முடிகிற வரைக்கும் அந்தச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பஸ் ஏறினார். அழைத்துக்கொண்டு போனவன் நான். பஸ்ஸில் ஒரு தடவைகூட உன்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்று மட்டும்தான் பார்த்தார்.

அவரை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னிக்காமலே வா. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நில். வேண்டுமானால் திட்டு, அவரால் பதில் பேச முடியாது. ஆனால் வா. அம்மா எழுதிக்கொடுத்துவிட்டார், இனித் திருப்பி வாங்க முடியாது. எனக்கும் தனியாக அந்த அறைக்குள் போய்ப்போய் வர முடியவில்லை. இதற்கு மேல் கெஞ்சுவதற்கு எனக்கு வார்த்தை வராது, ஆகவே இனி நான் செய்யப்போவதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இந்தக் கடிதத்தை மூன்று மணிக்குள் சிறை வாசலில் நானே கொடுப்பேன். இன்று மாலையே உன் கைக்கு வந்துவிடும் என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள்.

2. நாளை காலை எட்டரைக்கு டாக்டர் ஒப்பமிட்ட தாளோடு நலத்துறை ஜன்னலில் நிற்பேன். பத்து மணி வரை நகரமாட்டேன்.

3. நீ கையெழுத்துப் போட்டிருந்தால், காவல் வண்டியைப் பின்வாசல் வழியாக உள்ளே வரவைப்பேன். சரக்கு லிஃப்டின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வராந்தாவில் யாரும் உன்னை வேடிக்கை பார்க்க முடியாது.

4. நீ வரும்போது கதவில் பூ இல்லையென்றால், அவசரப்பட வேண்டாம் என்று காவலர்களிடம் சொல்வேன். அதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

5. நீ கையெழுத்துப் போடவில்லையென்றால் அதை அம்மாவிடம் உள்ளபடி சொல்வேன். அனுமதி மறுத்துவிட்டார்கள் என்று உனக்காகப் பொய் சொல்லமாட்டேன். உனக்காக ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

6. உனக்கு ஒரு முழுக்கைச் சட்டை கொண்டுவருவேன். விலங்கு போட்டிருந்தாலும் சட்டைக் கையை இறக்கிவிட்டால் அம்மா கண்ணில் படாது. உன் பழைய அளவு நாற்பது என்று நினைக்கிறேன். இளைத்திருந்தால், படிவத்தின் பின்பக்கம் சரியான அளவை எழுதிவிடு.

உன் தம்பி